முதலில் நூல், பிறகு ஊசி

கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் குரோஷாவைக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் "எனக்குக் கை வரவில்லை" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அவர்கள் கொண்டுவந்த நூல்கண்டை வாங்கி, ஒரு முழம் இழுத்து, இரண்டு விரல்களுக்கு நடுவே முறுக்கைப் பிரித்துப் பார்ப்பேன். பெரும்பாலும் வழக்கு அங்கேயே முடிந்துவிடும். குற்றவாளி நூல்.

நான் கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலையின் தரப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பின்னலில் எனக்குக் குரு என் மனைவி. கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில், தையல் வகுப்பில் கற்றவள். அவளுக்கு வித்தையெல்லாம் கையில் இருக்கிறது, வாயில் வராது. "பார்த்துச் செய்யுங்கள்" என்பாள். அதற்கு மேல் பாடம் கிடையாது. எனக்கு நேர்மாறு என்பதையும் அவளே சொல்வாள். எனவே எங்கள் குடியிருப்பின் திண்ணையில் மாலை நேரத்தில் ஒரு வேலைப் பிரிவினை உண்டு: ஊசி அவளுடையது, நூல் என்னுடையது. இந்தப் பதிவும் அப்படித்தான், முக்கால்வாசி நூலைப் பற்றியது.

ஏன் பருத்தி? கடைகளில் முதலில் கண்ணில் படுவது அக்ரிலிக். விலை குறைவு, நிறங்கள் பளிச்சென்று இருக்கும், மெத்தென்றும் இருக்கும். இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்குவதால், பழகாத கையின் ஏற்ற இறக்கத்தை ஓரளவு மறைத்துவிடும். பருத்தி அப்படி விட்டுக்கொடுக்காது. நீங்கள் எவ்வளவு இறுக்கினீர்களோ அவ்வளவு இறுக்கம் அப்படியே துணியில் நிற்கும். அதனால் பருத்தி புதியவர்களுக்கு ஆகாது என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. கண்ணி எங்கே இருக்கிறது, எங்கே தப்பியது என்பது பருத்தியில் தெளிவாகத் தெரியும்; அக்ரிலிக்கின் பஞ்சுமயிருக்குள் தேட வேண்டியிருக்கும். போதாததற்கு நம் ஊர் வெயில். பருத்தி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் நார். ஆலைக் கணக்கில் அதன் ஈரப்பதம் நூற்றுக்கு எட்டரை என்று வைத்திருப்போம். அக்ரிலிக் அதில் கால் பங்குகூட இழுக்காது. சித்திரை மாத மாலையில் வியர்த்த கையோடு அரை மணி நேரம் பின்னிப் பார்த்தால் இந்த எண்களின் அர்த்தம் விளங்கும்.

அடுப்படிக்கு என்றால் பேச்சுக்கே இடமில்லை. தொடங்குகிற எல்லோருக்கும் நாங்கள் கொடுக்கும் முதல் வேலை ஒரு கரித்துணி, அதாவது சூடான பாத்திரத்தைப் பிடித்து இறக்கும் துணி. அதை அக்ரிலிக்கில் பின்னினால் சூட்டில் இளகும், அடுப்புச் சுடர் பட்டால் உருகிக் கையில் ஒட்டும். பருத்தி உருகாது; அதிகம் போனால் கருகும்.

ஆனால் கடையில் "காட்டன்" என்று எழுதியிருப்பதெல்லாம் பருத்தி இல்லை. இணையத்தில் அதிகம் விற்கும் "மில்க் காட்டன்" வகையில் பெரும்பாலும் அக்ரிலிக் கலந்திருக்கிறது. பொம்மை பின்ன அது நன்றாகவே இருக்கும், கரித்துணிக்கு ஆகாது. திண்ணைக்கு வந்த ஒரு பெண், "சுத்தமான பருத்தி என்றுதான் போட்டிருக்கிறார்கள் அண்ணா" என்று சாதித்தாள். வாதாடுவானேன்? தீப்பெட்டியை எடுத்தேன். நீங்களும் செய்து பார்க்கலாம்: இரண்டு அங்குல நூலை இடுக்கியில் பிடித்து, கீழே ஒரு தட்டு வைத்து, நெருப்புக் காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாடையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். அக்ரிலிக் சுருண்டு உருகி, ஆறியதும் நகத்தால் நசுக்க முடியாத கறுப்பு உருண்டையாகும். கலப்பு என்றால் இரண்டும் சேர்ந்து நடக்கும். அவளுடைய நூலில் உருண்டை வந்தது.

அடுத்தது பருமன். நூற்பாலையில் நூலின் பருமனைக் கவுண்ட் என்போம், நெசவாளர்கள் நம்பர் என்பார்கள். 840 கெஜ நூல் ஒரு பவுண்டு எடை இருந்தால் அது ஒன்றாம் நம்பர். அதே ஒரு பவுண்டில் நாற்பது மடங்கு நீளம் ஓடினால் நாற்பதாம் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். நூலைச் சுற்றி அளக்கும் ரேப் ரீல் என்ற கருவியில் 120 கெஜம் சுற்றி, ஒரு லீ என்று எடுத்து நிறுத்துக் கணக்குப் போடுவதுதான் என் அன்றாடப் பிழைப்பாக இருந்தது. நாற்பதாம் நம்பர் ஒற்றை நூலில் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 68 மீட்டர் ஓடும். நீங்கள் பின்னிப் பழக வாங்க வேண்டிய நூலில் ஒரு கிராமுக்கு இரண்டு மீட்டர் ஓடினால் போதும். அதாவது, 100 கிராம் கண்டின் சீட்டில் 200 மீட்டர் அல்லது சற்றுக் கூடுதலாகப் போட்டிருக்க வேண்டும். இதை "8 பிளை" என்று விற்கிறார்கள். உள்ளே எட்டு இழை இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்காதீர்கள். அது பருமனுக்கு வைத்த பெயராகிவிட்டது, இழைக் கணக்கு அல்ல. கடைகளில் பிளை, டிகே என்று என்ன பெயர் சொன்னாலும் நான் பார்ப்பது இந்த மீட்டர் கணக்கைத்தான். அது பொய் சொல்லாது.

லேஸ் பின்னும் மெல்லிய நூலில் ஆரம்பிக்க வேண்டாம். 20, 40 என்று எண் போட்ட சிறு உருண்டைகள் பார்க்க அழகாக இருக்கும். பாட்டி காலத்து மேசை விரிப்பு, டிவி உறை எல்லாம் அதில்தான் பின்னப்பட்டன. ஆந்திரத்தில் கோதாவரிக் கரையோரம் நரசாபுரத்துப் பெண்கள் அந்த மெல்லிய நூலில்தான் இன்றும் வேலை செய்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாதிரிமார் குடும்பங்கள் வழியாக அங்கே வந்த கலை. நம் நாகர்கோவில் லேஸையும் அதே காலத்தில் மிஷனரிப் பெண்கள்தான் கொண்டுவந்தார்கள், ஆனால் அது வேறு வகை: தலையணையில் குண்டூசி குத்தி, மரக்கட்டைகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் பின்னுவது. குரோஷாவுக்கு ஒரே நூல், ஒரே ஊசி. சரி, சொல்ல வந்தது இதுதான்: அந்த மெல்லிய நூலுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவிலான எஃகு ஊசி வேண்டும், கூர்மையான கண் வேண்டும், தவறு செய்தால் பிரித்தெடுக்கப் பொறுமையும் வேண்டும். முதல் மாதத்தில் இந்த மூன்றையும் ஒருவரிடம் எதிர்பார்ப்பது கொடுமை.

இனி நூல் பிரிகிற பிரச்சினை. ஊசியின் கொக்கி இழைகளுக்கு நடுவே புகுந்து பாதி நூலை மட்டும் இழுத்து வருகிறது, கண்ணியில் மீதி இழை துருத்திக்கொண்டு நிற்கிறது. பருத்தியில் பழகுகிறவர்களின் முதல் புகார் இதுதான். இதற்குக் காரணங்கள் பல.

முதலாவது, முறுக்கு. ரிங் ஃபிரேம் என்ற நூற்பு இயந்திரத்தில் நூற்கும் ஒற்றை இழைகளுக்கு வழக்கமாக இசட் முறுக்கு. அவற்றைச் சேர்த்து இரட்டிக்கும்போது எதிர்த்திசையில் எஸ் முறுக்கு. நூலை நிமிர்த்திப் பிடியுங்கள். முறுக்கின் கோடு மேலே இடப்புறமிருந்து கீழே வலப்புறமாகச் சாய்ந்தால் எஸ், அதற்கு எதிர் என்றால் இசட். வலக்கைக்காரர் நூலைப் பின்னாலிருந்து ஊசியின் மேலாக முன்னால் சுற்றி எடுக்கும் அசைவு, எஸ் முறுக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துகிறது. தொடக்கத்தில் நன்றாக வந்த நூல் பத்து வரிசை தாண்டியதும் பிரிய ஆரம்பிப்பதற்கு இதுவே காரணம். ஊசியைக் கழற்றி, அந்தக் கண்ணியில் ஓர் ஊக்கை மாட்டிவிட்டு, நூலைக் கண்டோடு சேர்த்துத் தொங்கவிடுங்கள். தானே சுழன்று சமனாகும். இடக்கைக்காரருக்கு இந்தத் தொல்லை குறைவு. உலகத்தில் எல்லாக் கருவியும் அவர்களுக்கு எதிராகவே செய்யப்பட்டிருக்க, இந்த ஒரு விஷயத்திலாவது அவர்களுக்கு நியாயம் கிடைத்திருக்கிறது.

இரண்டாவது, பஞ்சின் நீளம். நீண்ட இழைப் பஞ்சில் நூற்ற, நன்றாகக் கோம்பிங் செய்த, அதாவது சீவிக் குட்டை இழைகளை நீக்கிய நூலில் மயிர் குறைவு, இழைகள் ஒன்றோடொன்று கட்டுக்கோப்பாக நிற்கும். குட்டைப் பஞ்சு நூல் தொட்டால் பஞ்சுபோல் மெத்தென்று இருக்கும், அதனாலேயே ஏமாற்றும். எங்கள் பக்கத்தில் திருப்பூர் பனியன் வெட்டுத் துண்டுகளைக் கிழித்துப் பஞ்சாக்கி, ஓப்பன் எண்டு இயந்திரத்தில் மறுபடி நூற்பது பெரிய தொழில். நல்ல தொழில், மிதியடிக்கும் தரை துடைப்பானுக்கும் அந்த நூல் பொருத்தம். கிலோ கணக்கில் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்கிக் குரோஷா பழகினால், அவிழ்த்துப் பின்னி அவிழ்த்துப் பின்னி மூன்றாவது தடவையில் நூல் நைந்து அறுந்துவிடும். பழகுகிறவர்தான் அதிகம் அவிழ்ப்பவர் என்பதால், வலுவான நூல் அவருக்குத்தான் முதலில் தேவை.

மூன்றாவது காரணம் ஊசி. கூர்முனைக் கொக்கி தளர்ந்த நூலைக் குத்திப் பிளக்கும். எட்டு பிளைப் பருத்திக்கு நான்கு மில்லிமீட்டர் ஊசி, முனை மழுங்கலாக உருண்டிருக்கட்டும். பூச்சில்லாத மலிவு அலுமினிய ஊசி வியர்வைக் கையோடு சேர்ந்து வெளிர் நூலில் சாம்பல் கறை விடும். பிடியில் ரப்பர் வைத்தது கொஞ்சம் கூடுதல் விலை என்றாலும் வாங்குங்கள். பருத்தி நூல் வளைந்து கொடுக்காததால் இழுக்கும் வேலை முழுவதும் உங்கள் மணிக்கட்டுக்குத்தான் வருகிறது.

மெர்சரைஸ் செய்த நூலா, செய்யாததா என்று அடுத்துக் கேட்பார்கள். ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் முக்கினால் இழை உப்பிச் சாயத்தை நன்றாக இழுக்கிறது என்று கண்டு 1850-ல் காப்புரிமை வாங்கினார். ஆனால் துணி சுருங்கியது. அந்தப் பருத்தியை இழுத்துப் பிடித்தபடி முக்கினால் சுருங்காது, பட்டுப்போலப் பளபளப்பும் வரும் என்பதை 1890 வாக்கில் ஹொரேஸ் லோவ் கண்ட பிறகுதான் இன்று நாம் வாங்கும் மினுமினுப்பான நூல் வந்தது. அலங்காரத்துக்கு, மேசை விரிப்புக்கு அது. கரித்துணிக்கும் பாத்திரம் துடைக்கும் துணிக்கும் மெர்சரைஸ் செய்யாத, மங்கலான நூலே நல்லது. தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சும், ஊசியில் வழுக்காது. பழகுகிறவருக்கும் இதுவே. வெளிர் நிறமாகப் பாருங்கள். கறுப்பு நூலில் கண்ணி தெரியாது, அதுவும் குழல்விளக்கு வெளிச்சத்தில்.

கண்டு தரையில் உருண்டு ஓடாமல் இருக்க என் மனைவி அதை ஒரு சொம்புக்குள் போட்டுக்கொள்வாள். விலை கொடுத்து நூல் கிண்ணம் வாங்குகிறவர்கள் வாங்கட்டும்.

இப்போது கரித்துணி. 31 சங்கிலி போடுங்கள். சங்கிலி என்பது ஊசியில் உள்ள வளையத்தின் வழியே நூலை இழுத்து அடுத்த வளையமாக்குவது. ஊசியில் நிற்கும் வளையத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். சங்கிலி எல்லோருக்கும் இறுகும், இறுகினால் முதல் வரிசையில் ஊசி நுழையாது; எனவே சங்கிலிக்கு மட்டும் நாலரை அல்லது ஐந்து மில்லிமீட்டர் ஊசியை எடுத்துக்கொண்டு, பிறகு நான்குக்கு மாறுங்கள். ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் தொடங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு சிங்கிள் குரோஷே: நுழைத்து நூலை இழு, ஊசியில் இரண்டு வளையம் நிற்கும், மறுபடி நூலைச் சுற்றி இரண்டின் வழியாகவும் இழு. கடைசியில் 30 கண்ணி வரும். ஒரு சங்கிலி போட்டுத் திருப்பி, மீண்டும் 30. அகலம் ஏறக்குறைய ஒரு சாண் இருக்கும். உயரமும் அதே அளவு வரும்வரை இதே வேலைதான். சலிப்பாக இருக்கும். சலிக்கட்டும், கை அதில்தான் பழகுகிறது.

கண்ணியின் தலையில் சடையின் ஒரு பின்னல்போல இரண்டு இழை தெரியும். இரண்டுக்கும் அடியில் ஊசியை விட வேண்டும். ஒன்றின் அடியில் மட்டும் விட்டாலும் துணி வரும், ஆனால் வரிவரியாக, தளர்வாக வரும்.

துணி மேலே போகப் போக முக்கோணமாகக் குறுகினால், ஒவ்வொரு வரிசையின் கடைசிக் கண்ணியையும் விட்டுவிடுகிறீர்கள் என்று பொருள். அது ஓரத்தில் ஒளிந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியில் ஓர் ஊக்கை மாட்டிவையுங்கள். திரும்பி வரும்போது அந்த ஊக்கு இருக்கும் இடத்தில்தான் வரிசை முடிகிறது. எண்ணுவதை அலுப்பாக நினைப்பவர்களுக்கும் இது போதும். எண்ணுவது என் தொழில் என்பதால் நான் எண்ணுவேன்.

இதே போல இன்னொரு சதுரம் பின்னி, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து நான்கு ஓரமும் சேர்த்துப் பின்னிவிடுங்கள். ஒற்றை அடுக்கு போதாது, சூடு வரும். டபுள் குரோஷே, அதாவது சிங்கிளைவிட உயரமான கண்ணி, போட்டால் சீக்கிரம் முடியும் என்று ஆசைப்பட வேண்டாம். அதன் சந்துகள் வழியே விரல் பாத்திரத்தைத் தொடும். இன்னொன்று, ஈரத் துணியால் சூடான பாத்திரத்தைப் பிடிக்காதீர்கள். ஈரப் பருத்தி சூட்டை நேராகக் கைக்குக் கடத்தும். எங்கள் வீட்டில் இதற்காகவே இரண்டு துணி, ஒன்று எப்போதும் கொடியில் காயும். 100 கிராம் கண்டு ஒன்று இந்த வேலைக்குத் தாராளம்.

இணையக் காணொளி பார்த்துக் கற்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அமெரிக்கர் சிங்கிள் குரோஷே என்பதை ஆங்கிலேயர் டபுள் குரோஷே என்கிறார்கள். அமெரிக்கரின் டபுள் இவர்களுக்கு டிரெபிள். நான் இங்கே எழுதியிருப்பது அமெரிக்க வழக்கு. காணொளிகளிலும் பெரும்பாலும் அதுவே. பழைய நூல் கம்பெனிச் சீட்டுகளில் ஆங்கிலேய வழக்கு இருக்கும். மாமியாரின் பெட்டியிலிருந்து எடுத்த சீட்டை வைத்துப் பின்னினால் விரிப்பு இரண்டு மடங்கு உயரம் வருகிறது என்றால், யாரும் தவறு செய்யவில்லை, கடல்தான் குறுக்கே இருக்கிறது.

கண்டு தீர்ந்து புது நூல் சேர்க்கும்போது முடிச்சுப் போடாதீர்கள். இதைச் சொல்ல எனக்கே சங்கடம்தான். அறுந்த நூலை நெசவாளர் முடிச்சால் கண்ணிமைக்கும் நேரத்தில் சேர்க்கும் பெண்களோடு வேலை பார்த்தவன் நான். ஆனால் குரோஷா துணியில் முடிச்சு மேலே துருத்தும், துவைக்கத் துவைக்க நழுவும். கண்ணியின் கடைசி இழுப்பில் பழைய நூலை விட்டுப் புது நூலைக் கொக்கியில் பிடித்து இழுங்கள். இரண்டு வாலையும் ஒரு சாண் விட்டு, மழுங்கிய தையல் ஊசியில் கோத்துத் துணிக்குள் ஒரு பக்கமாக ஓட்டி, திரும்பி எதிர்ப்பக்கமாகவும் ஓட்டுங்கள். கம்பளி நூல் தானே பின்னிப் பிணைந்துகொள்ளும், பருத்திக்கு அந்தப் பழக்கம் இல்லை.

இரண்டு நிறம் சேர்ப்பதாக இருந்தால், பின்னுவதற்கு முன்பே அடர்நிற நூலில் ஒரு முழத்தை வெந்நீரில் நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். சிவப்பும் கருநீலமும் அடிக்கடி காட்டிக்கொடுக்கும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் பிடித்துக்கொள்ளும் என்ற வைத்தியத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. நூலில் ஒட்டாத சாயம் துவைத்துத்தான் போக வேண்டும். பெரிய வேலைக்கு எல்லாக் கண்டையும் ஒரே தடவையில், சீட்டில் ஒரே லாட் எண், அதாவது ஒன்றாகச் சாயமேற்றிய தொகுதியின் எண், பார்த்து வாங்குங்கள். அடுத்த மாதம் வாங்கும் அதே வெள்ளை, அதே வெள்ளையாக இருக்காது.

சதுரம் கைவந்த பிறகு வட்டம். டபுள் குரோஷேயில் 12 கண்ணியோடு தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் 12 கூட்டினால் தட்டையாக விரியும். குறைத்தால் கிண்ணம்போல் குவியும், அதிகமானால் ஓரம் அலை அடிக்கும். காபி டம்ளர் வைக்கும் வட்டம் மூன்றே சுற்றில் முடிந்துவிடும் என்பதால் இதில் எல்லோருக்கும் உற்சாகம் வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு எங்கள் திண்ணையில் எந்தப் பாத்திரமும் வெறுந்தரையில் உட்காருவதில்லை.

பூவேலை விரிப்பு விறைப்பாக நிற்க வேண்டும் என்றால் கஞ்சிதான். சேலைக்குப் போடும் அதே வடிகஞ்சி, இன்னும் கொஞ்சம் திக்காக. ஜவ்வரிசிக் கஞ்சி இன்னும் தெளிவாக இருக்கும். விரிப்பை நனைத்து, பிழியாமல் துண்டில் ஒற்றி எடுத்து, பழைய போர்வையின் மேல் வைத்து, ஒவ்வொரு முனையையும் இழுத்து துருப்பிடிக்காத குண்டூசி குத்தி நிழலில் காயவிடுங்கள். வெயிலில் காய்ந்தால் ஓரம் முதலில் விறைத்து நடு இழுக்கும் என்கிறாள் என் மனைவி. ஆனால் பயன்படுத்தாத விரிப்பைக் கஞ்சியோடு பீரோவில் மடித்து வைக்காதீர்கள். ராமபாணப் பூச்சி வரும். கஞ்சியை அலசி, நன்றாகக் காயவைத்து, மடிக்காமல் சுருட்டி வையுங்கள். விருந்தாளி வரும் முந்தின நாள் மறுபடி கஞ்சி காய்ச்சிக்கொள்ளலாம்.